பிறர் வீட்டில் வளரும் பிள்ளைகள்

இந்த முறை திருநாவலூர், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள். கத்தோலிக்கக் கல்லூரிகளில் படிக்கும் வேற்று மதப் பிள்ளைகள், மலைப் பிள்ளைகள், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பற்றியே கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் நல்லதாயிற்று. இதை வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

கேள்வி: மகளுக்குத் திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் சைவக் குடும்பம். "சாமியார் காலேஜுல சேர்த்தா புள்ள கைய விட்டுப் போயிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், திருநாவலூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. உங்கள் ஊரின் பெருமையே பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த நம்பி ஆரூரர் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்து ஆசைப்பட்ட நரசிங்க முனையரையர், பெற்றவரிடம் கேட்டு வாங்கிப்போய்த் தம் மகனாகவே வளர்த்தார். ஆதிசைவர் வீட்டுப் பிள்ளை வளர்ந்தது சிற்றரசர் மாளிகையில். அரசகுமாரனுக்குரிய அத்தனை சீரோடும் வளர்ந்தார், தம் மரபின் ஒழுக்கத்தையும் விடவில்லை என்கிறது பெரியபுராணம். அந்தப் பிள்ளையைத்தான் சுந்தரர் என்று கும்பிடுகிறோம். பெற்றவர்கள் இருவர், வளர்த்தவர் ஒருவர், வளர்ந்தவர் ஒருவர், நால்வருமே அறுபத்துமூவரில் இருக்கிறார்கள். பிள்ளையை நம்பி அனுப்பிய வீட்டுக்கும் பெருமை, அதன் அடையாளம் கெடாமல் வளர்த்த வீட்டுக்கும் பெருமை. கல்லூரியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இந்த இரண்டாவது பெருமையைத்தான்.

கேள்வி: சுந்தரர் கதை சரி. ஆனால் கல்லூரிகளில் மதமாற்றம் நடந்ததே இல்லையா? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ருட்டி

பதில்: நடந்திருக்கிறது. 1890களில் திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சுற்றிச் சில பிராமண மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொந்தளித்தது. சொந்த வீடு கதவடைத்தவர்களுக்குத் தனிக் குடியிருப்பு அமைக்க வேண்டி வந்தது. அந்தக் குடியிருப்புதான் மேரிஸ் தோப்பு.

அதன்பிறகு திருச்சபையின் பார்வையே மாறியது. 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற அறிக்கை, இந்து, பௌத்த, இஸ்லாமிய சமயங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. 1990-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒரு சாசனம் வெளியிட்டார். அங்குள்ள ஒவ்வொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்பது அதில் சட்டமாகவே இருக்கிறது. உங்கள் பிள்ளையின் கல்லூரி இதற்கு மாறாக நடந்தால், நீங்கள் வத்திக்கானின் சட்டத்தையே எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது தாண்டியவரின் நம்பிக்கை அவருடையது. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. உங்களுக்குப் பக்கத்துத் திருவாமூர்க்காரர் அப்பர், இளவயதில் திருப்பாதிரிப்புலியூர் சமணப் பள்ளிக்குப் போய்ப் படித்துத் தருமசேனர் என்று பேரெடுத்தவர். அக்கா திலகவதியார் தம்பியைத் தலைமுழுகவில்லை. திருவதிகையில் காத்திருந்தார், தம்பி வந்தபோது அக்கா இருந்தார். பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான்.

கேள்வி: தினமும் காலையில் ஒலிபெருக்கியில் ஜெபம் வரும். எல்லோரோடும் எழுந்து நிற்கிறேன். சிலுவை போட்டுக்கொள்வதில்லை, வாயும் அசைப்பதில்லை. இது போலித்தனமா?
– முதலாண்டு மாணவி, உளுந்தூர்பேட்டை

பதில்: இல்லை மகளே. நிற்பது மரியாதை, சொல்லாமல் இருப்பது மனச்சாட்சி. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

உனக்கு இன்னும் நேரடியான சட்டம் ஒன்று இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தக் கல்வி நிலையமும், ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. பதினெட்டு நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பல கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு என்று தனித்தனியாக வைத்திருப்பதற்கும் இதுவே அடிப்படை. நீ இப்போது செய்வது போலவே செய். தலை நிமிர்ந்து நில்.

கேள்வி: நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டு மணி அடிப்பதே ஏழரைக்கு. வார்டனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– இரண்டாமாண்டு மாணவர், திருநறுங்கொண்டை

பதில்: கூச்சத்தை விடு தம்பி. அப்பாண்டைநாதர் மலையடிவாரத்துப் பிள்ளை நீ. இந்த மண்ணில் உன் முன்னோர் எத்தனையோ நூற்றாண்டாகத் தமிழ் வளர்த்தவர்கள். 2014-ல் சமணர்களை மத்திய அரசு தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தும் ஆயிற்று. உன் கல்லூரியும் சிறுபான்மையினர் கல்லூரி. ஒரு சிறுபான்மையினரின் தேவை இன்னொரு சிறுபான்மையினருக்குச் சொன்னால் புரியும்.

அப்துல் கலாம் தூய வளனார் கல்லூரி விடுதியில் இருந்த கதையைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்து முஸ்லிம் பிள்ளை அவர். அறையில் கூட இருந்த இருவரில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்குக் கலாமே செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சேர்ந்து ரெக்டர் களத்தில் பாதிரியாரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவரவர் வீட்டுப் பக்குவத்தில் தேர்ந்த பண்டங்கள் இலைக்கு வந்தன. இதில் யார் யாருக்கு விருந்து வைக்கிறார்கள் என்று கவனி. கல்லூரி பாதிரியாருடையது, சாப்பாடு பையன்களுடையது. வந்த இடத்தில் நாம் நாலு பேருக்குப் பரிமாறத் தொடங்கும் நாளில் அந்த இடம் நமக்கும் சொந்தமாகிறது.

ஆகவே நாளைக்கே வார்டனிடம் ஒரு கடிதம் கொடு. "மாலை ஐந்தரைக்கு மெஸ்ஸில் என் பங்கை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும், வெங்காயம் பூண்டு சேராத கூட்டு ஒன்று இருந்தால் நன்றி" என்று எழுது. பிறகு ஒரு நாள் அவரையும் உன் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு.

கேள்வி: கார்த்திகையில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியோடு கல்லூரிக்குப் போகலாமா? என் நண்பன் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அனுமதி கேட்கிறான். தோழி ஹிஜாப் அணிகிறாள். எங்கள் மூவருக்கும் சட்டம் என்ன சொல்கிறது?
– மூன்றாமாண்டு மாணவர், களமருதூர்

பதில்: முடிந்த முடிவாக இன்னும் சொல்லவில்லை. 2018-ல் கிறிஸ்தவ நிர்வாகத்துப் பள்ளி ஒன்றின் வழக்கில், சீருடையைத் தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கே என்றது கேரள உயர் நீதிமன்றம். கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஆகவே நீதிமன்றத்தை நம்பிக் கல்லூரியோடு மல்லுக்கு நிற்பதைவிட, சேருமுன்பே விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று செய்யுங்கள். மூவரும் தனித்தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, முதல்வரை ஒன்றாகப் போய்ப் பாருங்கள். உன் மாலைக்காக அவனும், அவன் தொழுகைக்காக நீயும், அவள் முக்காட்டுக்காக இருவரும் பேசும்போது எந்த முதல்வரும் அதை மதச் சண்டை என்று ஒதுக்க முடியாது.

கேள்வி: சொந்த ஊர் கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடி என்றதும் "மலையாளியா? கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். விளக்கினால் "ஓ, டிரைபலா" என்று ஒரு பார்வை. அதன்பிறகு பேசவே பிடிக்கவில்லை.
– சென்னையில் படிக்கும் மாணவி, கரியாலூர்

பதில்: அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்காமல் உன் சான்றிதழைப் பார்க்கிற பார்வை அது. அதற்கு நீ வெட்கப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது உங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ், கும்பிடுவது கரிராமரை, விளைவிப்பது சாமையும் தினையும். நாடு 1947-ல் விடுதலை பெற்றது. உங்கள் மலையில் ஜாகீர்தார் ஆட்சி முடிய 1976 ஆயிற்று. கீழ்நாட்டுப் பிள்ளைகளைவிட ஒரு தலைமுறை பின்னால் ஓட்டத்தைத் தொடங்கி, அதே வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். தாழ்வாகப் பார்க்க வேண்டிய இடமா அது?

விடுதியில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம், கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம், இரண்டிலும் சேராமல் நீ தனியாக அறையில் இருப்பாய் என்று ஊகிக்கிறேன். உன் சாமி எந்தப் பட்டியலிலும் இல்லாததுபோல் அவர்கள் பேசுவார்கள். அடுத்த முறை மலைக்குப் போய் வரும்போது பலாப்பழமும் தேனும் கொண்டுவா, கரிராமர் தேரோட்டத்தைப் பற்றி நீயே பேசு. துறையில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கேட்பார்களே, உன் மலையையே எடு. உன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதி நீ படித்தது போதும்.

ஒரு நடைமுறைச் செய்தியும் தெரிந்துகொள். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருவார். பழங்குடித் தகுதிக்கு மதம் ஒரு நிபந்தனையே இல்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நீ பழங்குடிதான்.

கேள்வி: மாவட்டத்தின் பேரைச் சொன்னாலே "சாராய ஊரா?" என்கிறார்கள்.
– விடுதி மாணவர், கள்ளக்குறிச்சி

பதில்: 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். "அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், விஷம் குடித்துச் செத்தவர்கள்" என்று நிதானமாகச் சொல். கேட்டவனுக்கு மனசாட்சி இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துவான்.

கேள்வி: நான் கத்தோலிக்கன். ஞானஸ்நானம் பெற்றது, புதுநன்மை எடுத்தது எல்லாம் கோயிலில்தான். ஆனாலும் கல்லூரி விடுதியில் "எந்தத் தெரு?" என்று கேட்டே ஜாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்து நண்பன் "நீயாவது உங்க காலேஜ்ல இருக்க" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு மாணவர், உளுந்தூர்பேட்டை வட்டம்

பதில்: உள்ளதை உள்ளபடி சொல் தம்பி. மதம் ஒன்றாக இருந்தும் மனிதர் ஒன்றாகாத ஊர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எறையூரில் செபமாலை மாதா கோயிலில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டார்கள், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் செத்தவர்களும் ஒரே செபமாலையை உருட்டியவர்கள்.

எழுத்தாளர் பாமா கன்னியாஸ்திரியாகப் போனவர். மடத்துக்குள்ளும் ஜாதி இருப்பதைக் கண்டு வெளியேறி 1992-ல் 'கருக்கு' எழுதினார். இன்று கத்தோலிக்கக் கல்லூரிகளிலேயே அந்தப் புத்தகத்தைப் படிக்கிறார்கள். பேசியவரால்தான் அது நடந்தது.

சட்டமும் உனக்கு ஒரு கதவை அடைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத் தலித்துகள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் தமிழக அரசின் கல்வி உதவித்தொகையில் ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு 'கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்ற பிரிவும் உண்டு. தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் பலர். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பி. உன் இந்து நண்பனிடம் ஒன்று சொல்: நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஒருவனை வெளியாளாக்குவதில் சிலுவையும் விபூதியும் செய்ததைவிடத் தெருவின் பேர் செய்ததே அதிகம்.

கேள்வி: சிறுபான்மைக் கல்லூரி என்றால் கிறிஸ்தவர்களுக்குத்தான். மற்றவர்களை அவர்கள் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே?
– ஒரு தந்தை, மடப்பட்டு

பதில்: இரக்கம் இல்லை ஐயா, உரிமை. நிறுவனம் நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தருகிறது. அரசு உதவி பெறும் நிறுவனம் மதம், இனம், ஜாதி, மொழி மட்டும் காரணமாக எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த உச்ச நீதிமன்றம், 1992-ல் தூய ஸ்டீபன் கல்லூரி வழக்கில், சொந்தச் சமூகத்துக்கு ஐம்பது விழுக்காடு வரை ஒதுக்கலாம், மிச்சம் எல்லோருக்கும் தகுதிப்படி என்றது. 2002-ல் பதினொரு நீதிபதிகள் அமர்வு, ஐம்பது என்ற கணக்கைத் தளர்த்தியது. உதவி பெறும் சிறுபான்மை நிறுவனம் மற்றவர்களையும் நியாயமான அளவில் சேர்த்தாக வேண்டும் என்பதை விடவில்லை.

குறை ஒன்றும் இருக்கிறது. 2005-ல் வந்த திருத்தத்தின்படி, கல்வி நிலையங்களில் இடஒதுக்கீடு தரும் 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அதனால் தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தானாகவே வெளியிட வேண்டும் என்று நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பில் அதிகம் இருப்பது இந்துப் பிள்ளைகள்தான். வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளை யார் தயவிலும் உட்காரவில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் குடில் கட்டக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– முதலாண்டு மாணவி, பரிக்கல்

பதில்: பிடித்திருந்தால் போ. ஜனவரியில் வளாகத்தில் பொங்கல் வைக்கும்போது அவர்கள் அடுப்பு மூட்ட வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் போகிறான். அங்கே மதமும் வேறு, நிறமும் வேறு. தாங்குவானா?
– ஒரு தந்தை, எலவனாசூர்கோட்டை

பதில்: தாங்குவான், வரலாறு தெரிந்து போனால். அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஜார்ஜ்டவுன். 1838-ல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 கறுப்பின அடிமைகளை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்தப் பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தது. இன்றைக்கு அதே நிறுவனம் அந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டு, விற்கப்பட்டவர்களின் வம்சத்தாருக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தருகிறது. 1999-ல் அங்கே முழுநேர இமாம் ஒருவரை நியமித்தார்கள், 2016-ல் இந்து மாணவர்களுக்கென ஒரு குருவை நியமித்தார்கள். 2023-ல் வளாகத்திலேயே பள்ளிவாசல் திறந்து, அதற்கு 'யாரோ மமூத்' (Yarrow Mamout) என்பவரின் பேரை வைத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்று, அந்த ஊரிலேயே வாழ்ந்த முஸ்லிம் அவர்.

இவற்றில் எதுவும் தானாக வரவில்லை. மாணவர்கள் கேட்டார்கள், வம்சத்தார் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்கள் மகன் போன முதல் வாரமே வளாகத்தில் பிற சமய மாணவர்களுக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கட்டும். கறுப்பின மாணவர்களோடு பழகட்டும், அந்த மண்ணில் கேட்டுப் பெறுவது எப்படி என்று அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. ஒரு வேண்டுகோள் அவனுக்கும் உண்டு. தோல் நிறத்துக்காகத் தனக்கு நியாயம் கேட்பவன், கூடத் தங்கும் நம் ஊர்ப் பையனிடம் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்கக் கூடாது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் ஜாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமே போட வேண்டி வந்தது. நம்மவர்கள் பெட்டியில் என்ன எடுத்துப் போகிறார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

கேள்வி: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நிறையச் சொன்னீர்கள். கல்லூரிகளுக்கு என்ன சொல்வீர்கள்?
– பேராசிரியர் ஒருவர், கடலூர்

பதில்: முனையரையர் செய்ததைச் செய்யுங்கள் என்பேன். அவர் மாளிகையில் வளர்ந்த பிள்ளை, மாளிகைக்காரராக மாறாமலே மாளிகைக்குச் சொந்தக்காரராக இருந்தார். அதற்கு இன்றைய வழி நான்கு. சேர்க்கை நாளிலேயே, ஜெபத்திலும் வழிபாட்டிலும் பங்கேற்பது அவரவர் விருப்பம் என்று கையேட்டில் எழுதிக் கொடுங்கள். எல்லாச் சமயத்தாரும் அமைதியாக உட்கார ஒரு அறை ஒதுக்குங்கள். விடுதிக் குழுவில் மலைப் பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் வேற்று மதப் பிள்ளைக்கும் இடம் கொடுங்கள். "எந்தத் தெரு?" என்று கேட்பதை ராகிங்குக்குச் சமமான குற்றமாக அறிவியுங்கள்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, கட்டடம் தேவையில்லை, மேலிடத்து உத்தரவும் தேவையில்லை. அடுத்த ஜூனில் வகுப்பு தொடங்குமுன் நான்கையும் செய்துவிடலாம். செய்த கல்லூரிகள் எழுதுங்கள், ஊர்ப் பேரோடு இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.